செட்டிப்புடவு 360 படம்: கணினியில் எழுத்து தெரிகிறது, டேப்லெட்டில் மங்குகிறது. ஏன்?

நாகமலையான் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய்ச் செட்டிப்புடவுக் குகையை 360 டிகிரி பனோரமாவாக எடுத்து வந்தேன். போகாதவர்களுக்காக: ஐயனார் கோவில் பக்கமாக ஏறினால் வருவது பேச்சிப்பள்ளம், அது வேறு இடம். செட்டிப்புடவு, மலையின் தென்மேற்கில் தனியாக இருக்கிறது. குகைக்குள் தீர்த்தங்கரர் சிற்பங்கள், சிங்கத்தின் மேல் அமர்ந்து யானையோடு மோதும் பெண் தெய்வம், சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட எழுத்து. எனக்கு வட்டெழுத்து படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்தே படிக்கட்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

மீன்கண் லென்ஸில் துண்டு துண்டாக எடுத்து, படங்களை ஒட்டும் ஹூகின் மென்பொருளில் ஒட்டினேன். முடிந்த படம் 12000 × 6000 பிக்சல். என் தளத்தில், படத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிற ஒரு வியூவர் போட்டு ஏற்றியாயிற்று. வீட்டுக் கணினியில் (21.5 அங்குலத் திரை, 1920 × 1080) கிட்டப் போய்ப் பார்த்தால் உளி பட்ட தடம் வரைக்கும் தெரிகிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். கல்வெட்டு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. முட்டிவலி வந்தபிறகு மலையேற முடிவதில்லை. அவருக்காகவே எடுத்தது என்று சொன்னாலும் தப்பில்லை. மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் திறந்து பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கே தம்பி" என்றார். வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். சிற்பம் தெரிகிறது, எழுத்து பஞ்சு மாதிரி இருக்கிறது.

அந்த டேப்லெட்டின் திரை 9.7 அங்குலம், 2048 × 1536. என் கணினித் திரையைவிடப் பிக்சல் அதிகம். அதே சுட்டி, அதே வைஃபை. அப்புறம் ஏன் இப்படி?

ஒத்தக்கடை யானை | ஞாயிறு, இரவு 9.52

முதலில் திரையை வேட்டி முனையால் துடைக்கச் சொல்லுங்கள். சிரிப்புக்குச் சொல்லவில்லை. எங்கள் சித்தப்பா டேப்பில் மேட் ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருந்தார்கள். படம் முழுக்க மணல் தூவின மாதிரி மினுமினு என்று இருந்தது. உரித்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

நாகமலையான் | ஞாயிறு, இரவு 9.58

துடைத்தாயிற்று யானையாரே. கார்டும் இல்லை. அதே டேப்பில் நாளிதழ் படித்தால் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. பனோரமா மட்டும்தான் மங்கல்.

மேலமாசி ஸ்டுடியோ | ஞாயிறு, இரவு 10.30

தம்பி, டேப்லெட் என்பது பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்க. என் கடையில் ஆல்பம் டிசைனைக் கணினியில்தான் காட்டுவேன். மாப்பிள்ளை வீட்டார் போனை நீட்டினால் "அதில் பார்க்காதீர்கள், இங்கே உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவேன். கணினிக்கு இருக்கிற சக்தி வேறு. அதை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுவது வீண்வேலை.

நான் கேட்க நினைத்தது வேறு. குகைக்குள் சுவர் கைக்கெட்டும் தூரம். லென்ஸ் இடம் மாறாமல் கேமராவைச் சுற்ற வைக்கிற பனோரமா ஹெட் எது போட்டாய்? முக்காலி வைக்க விட்டார்களா?

நாகமலையான் | ஞாயிறு, இரவு 10.41

முக்காலி இல்லை அண்ணே. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம், முக்காலிக்கு முன்அனுமதி வேண்டும். கையில் பிடித்துத்தான் எடுத்தேன். லென்ஸில் ஒரு நூல் கட்டி, கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையில் போட்ட சாக்பீஸ் துண்டின் மேலேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி எடுத்தது. ஒட்டு எங்கேயும் பிசகவில்லை, கணினியில் நூறு தடவை பார்த்துவிட்டேன். அதை அப்புறம் பேசுவோம். இப்போது டேப்லெட் மங்கலுக்கு வழி சொல்லுங்கள்.

மேலமாசி ஸ்டுடியோ | ஞாயிறு, இரவு 10.44

தூக்குக்குண்டா! சரி சரி.

தெப்பக்குளம் 72 | திங்கள், காலை 6.15

ஸ்டுடியோக்காரர் மன்னிக்கவும். டேப்லெட் திரை மட்டம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

9.7 அங்குலத்தில் 2048 × 1536 என்றால் அங்குலத்துக்கு 264 பிக்சல். நாகமலையாரின் கணினித் திரையில் அங்குலத்துக்கு 102 சொச்சம். கணினி பெரியது, ஆனால் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். டேப்பை மடியில் வைத்துக் கிட்டத்தில் பார்க்கிறோம். அதனால் அங்குலக் கணக்கை விட்டுவிட்டு, கண்ணில் ஒரு டிகிரி கோணத்துக்குள் எத்தனை பிக்சல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். டேப்பை 35 செ.மீ. தூரத்தில் பிடித்தால் டிகிரிக்கு 63. கணினியை 60 செ.மீ. தள்ளி வைத்தால் 42. நல்ல கண்பார்வை பிரித்தறிவது டிகிரிக்குச் சுமார் 60 என்பார்கள். ஆக, டேப்லெட் திரை கண்ணின் எல்லையைத் தொட்டுவிட்டது. கணினித் திரைதான் பின்தங்கி நிற்கிறது.

திரையில் குறையில்லை என்றால், திரைக்கு வந்து சேருகிற படத்தில் குறை. பாத்திரம் பெரிது, ஊற்றின பால் குறைவு. எங்கே குறைந்தது என்பதைப் பிரவுசர் சங்கதி தெரிந்த யாராவது சொன்னால் தேவலை. நான் பொதுப்பணித்துறையில் மதகு கட்டிக்கொண்டிருந்தவன்.

வைகைப்புள்ளி | திங்கள், காலை 8.05

தெப்பக்குளம் ஐயா சரியான இடத்துக்கு வந்துவிட்டார். நான் வேலை நேரத்தில் வெப்ஜிஎல் (பிரவுசர் கிராஃபிக்ஸ் சிப்பை வைத்துப் படம் வரைகிற முறை) எழுதிப் பிழைக்கிறவள், அதனால் மீதியை நான் சொல்கிறேன்.

தம்பி, சுற்றிப் பார்க்கிற படத்தைப் பிரவுசர் சாதாரணப் படம் மாதிரிக் காட்டுவதில்லை. ஒரு உருண்டையின் உள்பக்கம் சுவரொட்டி ஒட்டுகிற மாதிரி கிராஃபிக்ஸ் சிப்பில் ஒட்டி, நீங்கள் நடுவில் நின்று பார்ப்பதாகக் கணக்குப் போட்டு வரைகிறது. ஒட்டுகிற அந்தத் தாளுக்கு டெக்ஸ்சர் என்று பெயர். தாள் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. இப்போதைய கணினிகளில் பெரும்பாலும் 16384. பழைய டேப்லெட்டுகளில் 4096. மிகப் பழசில் 2048. உங்கள் 12000 அகலப் படம் கணினியில் ஒரே தாளாக நுழைந்துவிடும். டேப்பில் நுழையாது.

நுழையாவிட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். கறுப்புத் திரை வரும். அல்லது வியூவரே படத்தைச் சுருக்கும். அல்லது டேப்புக்கென்று தனியாக வைத்த சின்னப் படத்தை எடுத்துக் காட்டும்.

இரண்டு வேலை செய்யுங்கள். வெப்ஜிஎல் விவரம் காட்டும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன, அதில் ஒன்றை டேப்பில் திறந்து டெக்ஸ்சர் அளவு என்ன என்று பாருங்கள். அப்புறம் உங்கள் தளத்தின் கோப்புறையில் மொபைல் என்ற பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

நாகமலையான் | திங்கள், இரவு 8.20

அக்கா, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

டெக்ஸ்சர் வரம்பு 4096, நீங்கள் சொன்னபடியே. கோப்புறையில் மொபைல் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே 4096 × 2048 அளவில் ஒரு படம். அதை வைத்தது நானேதான். பனோரமாவை ஏற்றுமதி செய்யும்போது "மொபைலுக்கும் சேர்த்து" என்று ஒரு கட்டம் இருந்தது, நல்லதுதானே என்று டிக் போட்டேன். அன்றோடு மறந்தும் போனேன்.

ஒத்தக்கடை யானை | திங்கள், இரவு 8.26

திருடனைத் தேடிப்போய் வீட்டுச் சாவியை மடியிலிருந்து எடுத்த கதை.

தெப்பக்குளம் 72 | திங்கள், இரவு 9.00

அப்படியானால் எழுத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு எழுத்து 5 செ.மீ. உயரம், நீங்கள் நின்ற இடத்திலிருந்து 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோணம் 1.43 டிகிரி. 12000 படத்தில் டிகிரிக்கு 33.3 பிக்சல் கிடைக்கிறது, ஆக ஒரு எழுத்துக்கு 48 பிக்சல் உயரம். 4096 படத்தில் டிகிரிக்கு 11.4, ஆக எழுத்துக்கு 16 பிக்சல். கல்லின் சொரசொரப்போடு கலந்த வட்டெழுத்தை 16 பிக்சலில் படிக்கச் சொன்னால் அதைப் பொறித்தவரே திணறுவார்.

இன்னொன்று. உங்கள் வியூவர் திறந்தவுடன் 90 டிகிரி அகலம் காட்டுவதாகத் தெரிகிறது. 2048 அகலத் திரைக்கு அந்த 4096 படம் 115 டிகிரி வரைக்கும்தான் ஈடுகொடுக்கும். அதாவது, தமிழாசிரியர் ஐயா விரலை வைத்து விரிப்பதற்கு முன்பே படம் இழுபட்டு நிற்கிறது. இதற்கு மேல் அவர் எவ்வளவு விரித்தாலும் ஊதின அப்பளம்தான்.

மேலமாசி ஸ்டுடியோ | திங்கள், இரவு 9.35

சரி, சின்னப் படம்தான் குற்றவாளி என்றால் அதைத் தூக்கிவிட்டுப் பெரிய படத்தையே டேப்புக்கும் கொடுத்துவிட வேண்டியதுதானே? இதற்கு இவ்வளவு பேச்சா?

வைகைப்புள்ளி | திங்கள், இரவு 10.10

பெரிய படம் 4096 வாசலில் நுழையாது அண்ணே. ஆனால் மடித்துக் கொடுக்கலாம். உருண்டைக்குப் பதிலாக ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவர், ஒரு கூரை, ஒரு தரை, மொத்தம் ஆறு தாள். 12000 அகலத்தைப் பை (π, 3.14) என்ற எண்ணால் வகுத்தால் ஒரு முகத்தின் அளவு 3820 வரும். 4096-க்குள் அடங்கிவிட்டது பாருங்கள். நடுப்பகுதியின் நுணுக்கம் கொஞ்சமும் குறையாது. ஹூகினிலிருந்தே ஆறு முகமாக எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஜேபெக் கோப்பு சில எம்பிதான் இருக்கும். ஆனால் சிப்புக்குள் போகும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட். 3820 × 3820 × 4, அதை ஆறால் பெருக்கினால் 350 எம்பி. பழைய டேப்புக்கு இது கனமான சாப்பாடு. முயன்று பாருங்கள், விழுந்தால் சொல்லுங்கள்.

நாகமலையான் | புதன், இரவு 7.50

விழுந்துவிட்டது.

ஆறு முகமாகப் போட்டேன். ஐயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திறந்தோம். முன்பைவிட நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அவர் அப்படியே கூரைப் பக்கம் திருப்பினார். பக்கம் வெள்ளையாகி, முதலிலிருந்து தானாகவே திறந்தது. மறுபடி திருப்பினார், மறுபடி வெள்ளை. மூன்றாவது தடவை, "உன் குகைக்குள்ள போனா வெளிய தள்ளி விடுதே" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். விழாமல் நின்ற அந்த அரை நிமிடத்தில் பார்த்தபோது, படம் மேம்பட்டிருந்தாலும் என் கணினி அளவுக்குக் கூர்மை இல்லை. ஒரு மெல்லிய துணி போர்த்தின மாதிரி. இப்போது முழுப் படம்தானே போகிறது? ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

வைகைப்புள்ளி | புதன், இரவு 9.15

ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே வியூவரின் பொத்தான்களில் "முழுத்திரை" என்ற எழுத்து கத்தி மாதிரி இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போல் இருக்கும் பாறை மங்கல். ஒரே திரை, ஒரே நொடி. அப்படியென்றால் பாறையை மட்டும் பாதி அளவில் வரைந்து இரண்டு மடங்காக இழுத்திருக்கிறார்கள்.

காரணம் இது. அந்த டேப்பில் நிஜப் பிக்சல் 2048 × 1536. ஆனால் இணையப் பக்கங்களிடம் அது "நான் 1024 × 768" என்றுதான் சொல்லிக்கொள்ளும். இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கடுகளவு ஆகிவிடும். ஒரு பக்கப் பிக்சலுக்கு நிஜத்தில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு. எழுத்தையும் பொத்தானையும் பிரவுசர் தானே நிஜ அளவில் வரைந்துவிடும். பனோரமா வரைகிற கேன்வாஸ் அப்படியில்லை, எத்தனை பிக்சல் என்று நாம் சொன்னால்தான் உண்டு. உங்கள் வியூவர் பழைய பதிப்பு. 1024 × 768 என்று கேட்டு வாங்கி, அதை இழுத்துக் காட்டுகிறது. உங்கள் கணினியில் ஒன்றுக்கு ஒன்று என்பதால் அங்கே இந்தக் குறை தெரிய வழியே இல்லை.

அமைப்புக் கோப்பில் பிக்சல் விகிதம் என்று ஒரு வரி இருக்கும். 1 என்று இருப்பதைச் சாதனம் சொல்கிற அளவு என்று மாற்றுங்கள். இனிமேல் நான்கு மடங்கு பிக்சல் வரைய வேண்டும், 7,86,432-க்குப் பதில் 31,45,728. பழைய சிப் என்றால் வேகமாகச் சுற்றும்போது திணறும், கொஞ்சம் சூடாகும். சில வியூவர்கள் சுற்றும்போது பாதியிலும், விரலை எடுத்ததும் முழு அளவிலும் வரையும். உங்களுடையதில் அந்த வசதி இருந்தால் அதையே வையுங்கள். ஓடுகிற படத்தில் யார் எழுத்துப் படிக்கப் போகிறார்கள்?

பக்கம் வெள்ளையாவது நினைவகம் தீர்ந்துபோய். ஆறு தாளையும் மொத்தமாகக் கொடுத்தது என் யோசனைதான், ஐயாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். டைல்ஸ் போட்டுவிடலாம்.

ஒத்தக்கடை யானை | புதன், இரவு 9.22

டைல்ஸ் என்றால் ஒத்தக்கடையில் எங்கள் மாமா கடை இருக்கிறது, குகைக்கு வழுக்காத மாடல் வாங்குங்கள்.

வைகைப்புள்ளி | புதன், இரவு 9.40

யானைக்கு மதம் பிடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முகத்தையும் 512 × 512 சில்லுகளாக வெட்ட வேண்டும். முழு அளவு 3820-இல் ஒரு முகத்துக்கு 8 × 8, பாதி அளவு 1910-இல் 4 × 4, அதிலும் பாதியில் 2 × 2, கடைசியில் ஒன்றே ஒன்று. 64 + 16 + 4 + 1 = 85, ஆறு முகத்துக்கு 510 கோப்பு. வெட்டுவதற்கு நிரல் இருக்கிறது, கையால் செய்ய வேண்டியதில்லை. பான்னெல்லம், மார்சிபானோ போன்ற இலவச வியூவர்கள் இந்த முறையை ஏற்கும்.

திறக்கும்போது சின்னச் சில்லுகள் வந்து மொத்தக் குகையும் உடனே தெரியும். எந்தப் பக்கம் பார்க்கிறோமோ, எவ்வளவு கிட்டப் போகிறோமோ, அந்த இடத்துச் சில்லு மட்டும் அப்புறம் வந்து இறங்கும். முதுகுக்குப் பின்னால் இருக்கிற பாறையை டேப் சுமக்க வேண்டியதில்லை. இதில் வரம்பு 4096 ஆனாலும் 2048 ஆனாலும் ஒன்றுதான், 512 எதிலும் நுழையும்.

மேலமாசி ஸ்டுடியோ | புதன், இரவு 11.05

இதெல்லாம் படிக்கப் படிக்கப் பழைய கதை நினைவுக்கு வருகிறது. 2010, 11 வாக்கில் ஒரு ஹோட்டலுக்கு 360 செய்து கொடுத்தேன். அப்போது எல்லாம் பிரவுசரில் ஓடுகிற ஃபிளாஷ் மென்பொருள்தான். கணினியில் பிரமாதமாகச் சுற்றும். முதலாளியின் மகன் ஐபேடில் திறந்தால் ஒரு சாம்பல் கட்டம். ஐபேட் ஃபிளாஷை ஏற்கவே இல்லை. ஆறு முகத்தையும் தனியாக வெட்டி, வேறு முறையில் மறுபடி செய்து கொடுத்தேன், கைக்காசு போட்டு. அன்றிலிருந்துதான் டேப்லெட் மேல் எனக்கு ஒரு காண்டு. 2020 கடைசியில் ஃபிளாஷே செத்துப்போனது. இப்போது அந்த ஹோட்டல் படம் கணினியிலும் திறக்காது, ஐபேடுக்கென்று செய்ததுதான் திறக்கிறது. அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல.

அண்ணாநகர் ஜன்னல் | வியாழன், காலை 7.30

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தை இதே 12000 அளவில் போட்டிருக்கிறேன். டேப்லெட்டில் அமைதியாக இருக்கிறது. என்னிடம் இருக்கிற அரசு கொடுத்த மடிக்கணினியில் (1366 × 768) சுற்றினால் வளைவுகளில் உள்ள சுதை வேலை, தூண் விளிம்பு எல்லாம் பொரிகடலை வறுக்கிற மாதிரி துள்ளுகிறது. நிறுத்தினால் நின்றுவிடுகிறது. மகாலே ஆடுகிறது என்று என் தங்கை பயமுறுத்துகிறாள். 1636-இல் கட்டினது, அவ்வளவு சீக்கிரம் ஆடாது.

வைகைப்புள்ளி | வியாழன், காலை 8.00

இது நல்ல கேள்வி, பலர் இதைக் கூர்மை என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள்.

நாகமலையாருக்குத் திரை பெரிது, படம் சிறிது. உங்களுக்குப் படம் பெரிது, திரை சிறிது. 1366 அகலத்தில் 90 டிகிரி காட்டினால் நடுவில் டிகிரிக்கு 12 பிக்சல்தான் இடம். உங்கள் படத்தில் 33 இருக்கிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றைத்தான் திரையில் வைக்க முடியும். எதை வைப்பது, எதை விடுவது என்று சிப் ஒவ்வொரு நொடியும் பொறுக்குகிறது. ஓரிழை நகர்ந்தாலும் வேறு பிக்சலைப் பொறுக்கும். அதுதான் துள்ளல்.

மருந்து, முன்கூட்டியே பாதி, கால், அரைக்கால் என்று சுருக்கி வைத்த பிரதிகள். மிப்மேப் என்பார்கள். பழைய வெப்ஜிஎல் பதிப்பில் 1024, 2048, 4096 மாதிரி இரண்டின் அடுக்காக இருக்கிற படத்துக்குத்தான் அது கிடைக்கும். 12000 அப்படி இல்லையே. இங்கேயும் டைல்ஸ் போட்டால் தீரும், தூரத்துப் பார்வைக்குச் சின்னச் சில்லுதான் வரும் என்பதால். டேப்பில் உங்களுக்கு அமைதியாக இருப்பது, அங்கேயும் 4096 படம் போய்க்கொண்டிருப்பதால்தான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

அண்ணாநகர் ஜன்னல் | வியாழன், காலை 8.40

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள் அக்கா. அதே டிக், அதே கட்டம். விளக்குத்தூண் பக்கம் வந்தால் சொல்லுங்கள், ஜிகர்தண்டா என் கணக்கு.

செல்லூர்க்காரி | வியாழன், மதியம் 1.10

நிறத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே? பாறை என்பதால் தப்பித்தீர்கள். நான் தெருவிலிருந்து மீனாட்சி அம்மன் கோவில் தெற்குக் கோபுரம் எடுத்து வைத்திருக்கிறேன். 2018 பிப்ரவரித் தீவிபத்துக்குப் பிறகு கோவிலுக்குள் போனும் கேமராவும் கூடாது என்றாகிவிட்டதால் வெளியிலிருந்துதான். கணினியில் ஒரு சிவப்பு, டேப்பில் ஒரு சிவப்பு. இரண்டிலுமே சிவப்பும் நீலமும் சேருகிற கோடு மட்டும் கசிந்த மாதிரி இருக்கிறது.

வைகைப்புள்ளி | வியாழன், மதியம் 1.45

கசிவு ஜேபெக்கின் வேலை. கோப்பைச் சிறிதாக்க அது வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தைக் குறுக்கே நெடுக்கே பாதி அளவிலும் எழுதிவைப்பது வழக்கம். பாறையில் தெரியாது, கோபுரச் சுதையில் காட்டிக்கொடுத்துவிடும். சேமிக்கும்போது நிறத்தைக் குறைக்காத அமைப்பைத் தேர்ந்தெடுங்கள், கோப்பு கொஞ்சம் பெருக்கும். இரண்டு சிவப்புக்குத் திரைகள் காரணம். பழைய மடிக்கணினித் திரையைச் சாய்த்தாலே நிறம் மாறும், டேப்பில் அவ்வளவு மாறாது. படத்தை எஸ்ஆர்ஜிபி (இணையத்தின் பொது நிற அளவு) என்று முத்திரை வைத்தே ஏற்றுங்கள். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு திரை, நம் கையில் இல்லை.

நாகமலையான் | ஞாயிறு, இரவு 8.30

வேலை முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

வியூவரைப் புதுப்பித்தேன். 510 சில்லும் வெட்டி ஏற்றினேன். மொபைல் கோப்புறையை அழித்தேன், கட்டத்தில் டிக்கையும் எடுத்தேன். பிக்சல் விகிதம் மாற்றினேன். தெப்பக்குளம் ஐயாவின் கணக்கை வைத்து ஜூமுக்கும் ஒரு எல்லை போட்டேன். அந்த டேப்பில் 56 டிகிரி அகலம் வரைக்கும் படத்தின் பிக்சலும் திரையின் பிக்சலும் ஒன்றுக்கு ஒன்று. அதற்குக் கீழே ஊதல் ஆரம்பம். வயதானவர் கண்ணுக்குக் கொஞ்சம் ஊதினாலும் பரவாயில்லை என்று 28 வரைக்கும் விட்டேன்.

இன்று காலை ஐயா வீட்டுக்குப் போனேன். திறந்தது, விழவில்லை. கூரை, தரை, வாசல் எல்லாம் சுற்றினார். வெளியே தெரிகிற வயலைக்கூடப் பார்த்தார். அப்புறம் எழுத்துக்கு வந்து இரண்டு விரலால் விரித்தார். அரை நொடி மங்கல், சில்லு வந்து இறங்கியதும் எழுத்து எழுந்து நின்றது. அவர் பேசவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை எழுத்துக்கு மேலாக நகர்த்திக்கொண்டே முணுமுணுக்க ஆரம்பித்தார். கணினியில் பார்ப்பதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று எனக்கே பட்டது. கல்லை மடியில் வைத்துப் படிக்கிற மாதிரி. நான் போய்விட்டு அப்புறம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் போன். "தம்பி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

"இந்த மலைக் கல்வெட்டுல திருக்காட்டாம்பள்ளினு ஒரு பேர் வரும். உன் படத்துல ஒரு இடத்துல பள்ளியில மூணு ளகரம் இருக்கு. கல்லுல ரெண்டுதான். நான் எழுபதுகள்ல பென்சில்ல பார்த்து எழுதின நோட்டு எங்கிட்ட இருக்கு."

ஓடிப்போய்க் கணினியில் பார்த்தேன். இருக்கிறது. இரண்டு படம் ஒட்டுகிற இடத்தில் ஒரு எழுத்து இரட்டித்திருக்கிறது. பாறையின் சொரசொரப்பில் ஒட்டு மறைந்துவிட்டது. எழுத்து தெரியாத நான் நூறு தடவை பார்த்தும் கண்ணில் படவில்லை. அந்த மங்கல் டேப்பில் இது எறும்போடு எறும்பாகப் போயிருக்கும்.

தெப்பக்குளம் 72 | ஞாயிறு, இரவு 8.48

ஆயிரம் வருடத்துக்குப் பிறகு ஒரு எழுத்தைக் கூட்டி எழுதிய ஆள் நீங்கள்தான்.

மேலமாசி ஸ்டுடியோ | ஞாயிறு, இரவு 9.10

தூக்குக்குண்டு என்று சொன்னபோதே நினைத்தேன். வீட்டு முற்றம் என்றால் அது போதும், தூரத்துச் சுவரில் பிசகு தெரியாது. குகைக்குள் சுவர் முகத்துக்கு நேரே நிற்கிறது, தரையும் பாறை, நீ ஒரு காலை மாற்றி வைத்தாலே லென்ஸ் நான்கு விரல் நகர்ந்துவிடும். லென்ஸ் நகர்ந்தால் கிட்டத்து எழுத்து இடம் மாறும், ஒட்டுகிற நிரல் என்ன செய்யும் பாவம், இரண்டையும் வைத்துவிடும்.

நாகமலையான் | ஞாயிறு, இரவு 9.16

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. தொல்லியல் துறைக்கு முக்காலி அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐயா தன் நோட்டின் நகலையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அந்தப் படத்தின் கீழே, இந்த இடத்தில் ஒரு ளகரம் ஒட்டுப் பிழை என்று எழுதிப் போட்டுவிட்டேன். அனுமதி வந்ததும் ஒரு ஞாயிறு விடியற்காலை போகலாம் என்றிருக்கிறேன், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். யாராவது வருகிறீர்களா?

ஒத்தக்கடை யானை | ஞாயிறு, இரவு 9.20

நான் வருகிறேன். முக்காலி தூக்குவது என் வேலை. இறங்கினதும் இட்லி உங்கள் வேலை.

மேலமாசி ஸ்டுடியோ | ஞாயிறு, இரவு 9.31

கடைக்கு வந்து என் பனோரமா ஹெட்டை எடுத்துக்கொண்டு போ. லென்ஸுக்கு ஏற்ற இடத்தை நானே குறித்துத் தருகிறேன், திருகைத் தொடாதே. திரும்பிக் கொடுக்கும்போது மண் இல்லாமல் கொடு.